மூடினால் தூங்காது, அழுத்தினால் எழுந்துவிடும்

ஹைக்கூ இயங்குதளம் ஓடும் லேப்டாப்பின் மூடியைச் சாத்தினால் அது தூங்காது. அப்படியே பைக்குள் போட்டால் உள்ளே ஓடிக்கொண்டேதான் இருக்கும். சூடாகும், பேட்டரி கரையும். 2024 செப்டம்பரில் வெளியான பீட்டா 5 வரை ‘ஸ்லீப்’ என்ற வசதியே அதில் கிடையாது. கையோடு தூக்கித் திரிவதற்கென்றே வாங்கும் சாதனத்தில் இதைச் சின்னக் குறை என்று சொல்ல முடியாது. இருந்தும் சில வாரங்களாக என் 11.6 அங்குல லேப்டாப்பில் இதைத்தான் வைத்திருக்கிறேன். எடுக்க மனம் வரவில்லை. அது எழுந்து வரும் வேகம் அப்படி.

பவர் பட்டனை அழுத்தியதும் தயாரிப்பாளரின் லோகோ வரும். அது தன் பாட்டுக்குச் சில நொடிகளை எடுத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் எந்த இயங்குதளமும் கை வைக்க முடியாது. லோகோ மறைந்தபின் ஹைக்கூவின் ஏழு சின்னப் படங்கள் வரிசையாக ஒளிரும். கடைசிப் படம் ராக்கெட். அது ஒளிர்ந்த கையோடு மஞ்சள் தலைப்புப் பட்டைகளோடு மேசைத்திரை வந்துவிடும். வந்தபின் காத்திருப்பு இல்லை. வேறு தளங்களில் திரை தெரிந்தபிறகும் வட்டம் சுற்றும், மெனுவைத் தொட்டால் தயங்கும். இதில் திரை தெரிந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். பழைய எஸ்.எஸ்.டி., சாதாரணச் சிப், குறைந்த ரேம் என்று இருக்கும் இந்த லேப்டாப்பில் எனக்கு லோகோவுக்காகக் காத்திருந்த நேரமே பெரிதாகத் தெரிகிறது.

இந்த வேகத்துக்கு வயது அதிகம். ஆப்பிளிலிருந்து வெளியேறிய ஜான்-லூயி கஸே 1990இல் தொடங்கிய ‘பி’ நிறுவனத்தின் பிஓஎஸ்தான் இதன் முன்னோர். ஒலியும் படமும் தடங்கலின்றி ஓட வேண்டும், பயனர் கை வைத்த சாளரம் உடனே பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக அடியிலிருந்து எழுதப்பட்ட தளம் அது. சந்தையில் நிற்க முடியவில்லை. 2001இல் அதன் சொத்துகளைப் பாம் நிறுவனம் 1.1 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு ரசிகர்கள் ‘ஓப்பன்பிஓஎஸ்’ என்று கூடி, எல்லாவற்றையும் திறந்த மூலமாக மறுபடி எழுத ஆரம்பித்தார்கள். 2004இல் பெயர் ஹைக்கூ ஆயிற்று. முதல் ஆல்பா வந்தது 2009இல், முதல் பீட்டா 2018இல். கால் நூற்றாண்டை நெருங்கும் உழைப்பு, அதில் பெரும்பகுதி ஊதியமில்லாத உழைப்பு. அதை மதிக்காமல் இந்தத் தளத்தைப் பற்றி எழுத எனக்கு வராது.

வேகம் எங்கிருந்து வருகிறது என்பதில் ஒரு பகுதியாவது அதன் அமைப்பிலேயே இருக்கிறது. ஹைக்கூவில் மென்பொருள்களை வட்டில் பிரித்துக் கொட்டுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரே பொதிக் கோப்பாகவே இருக்கிறது. பூட் ஆகும்போது கோப்பு முறைமை அவற்றை அப்படியே இணைத்துக் காட்டுகிறது. நிறுவுவது என்றால் கோப்பை அதற்கான கோப்புறையில் போடுவது, நீக்குவது என்றால் எடுப்பது, அவ்வளவுதான். அப்டேட் செய்து ஏதாவது கெட்டுப்போனால் பூட் மெனுவில் முந்தைய நிலையைத் தேர்ந்து அதிலிருந்தே எழுப்பலாம். இந்த ஏற்பாட்டைப் பார்த்தபின் மற்றத் தளங்களின் அப்டேட் சடங்குகளைச் சகிப்பது கடினமாகிவிட்டது.

விண்டோஸ் 8 காலத்திலிருந்து வரும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வேறு வகை. ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் கெர்னலின் நிலையை வட்டில் சேமித்துவைத்து, அடுத்த முறை அதையே எடுத்து ஓட்டுகிறது. அரைத் தூக்கத்துக்குத் துவக்கம் என்று பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரே லேப்டாப்பில் இன்னொரு தளத்தையும் வைத்திருப்பவர்களுக்கு இதனால் நேரடித் தொல்லை உண்டு. விண்டோஸ் பகிர்வு முழுதாக மூடப்படாமல் கிடக்கும். மற்றத் தளத்திலிருந்து அதில் எழுதினால் தரவு கெட வாய்ப்பிருக்கிறது. இரண்டு தளம் வைக்கப் போகிறீர்கள் என்றால் முதல் வேலையாக அந்த வசதியை அணையுங்கள். ஹைக்கூ ஒவ்வொரு முறையும் வெறும் தரையிலிருந்தே எழுகிறது. அதனால்தான் அந்த வேகத்தை நான் மதிக்கிறேன்.

லினக்ஸால் இது முடியாதா? முடியும். 2008 செப்டம்பரில் லினக்ஸ் பிளம்பர்ஸ் மாநாட்டில் இன்டெல்லைச் சேர்ந்த அர்யான் வான் டி வெனும் ஆகே காக்கும் ஒரு ஈ பிசி நெட்புக்கை ஐந்தே நொடியில் எழுப்பிக் காட்டினார்கள். எங்கே குறைக்கலாம் என்று தேடிக்கொண்டு போகாமல், ஐந்து நொடியை முதலிலேயே பங்கு போட்டுவிட்டார்கள்: கெர்னலுக்கு ஒன்று, ஆரம்ப வேலைகளுக்கு ஒன்று, எக்ஸ் சர்வருக்கு ஒன்று, மேசைத்திரைக்கு இரண்டு. ஆனால் அது அந்த ஒரு இயந்திரத்தின் பாகங்களை அறிந்து, தேவையான டிரைவர்களைக் கெர்னலுக்குள்ளேயே கட்டிச் செய்த வேலை. பொது விநியோகங்கள் உலகத்தில் உள்ள எல்லா லேப்டாப்பையும் மனதில் வைத்துக் கிளம்புகின்றன. உங்கள் லினக்ஸ் எங்கே நேரத்தை விடுகிறது என்று பார்க்க ‘சிஸ்டம்டி-அனலைஸ்’ என்ற கட்டளை போதும். ஃபர்ம்வேர், லோடர், கெர்னல், மற்றவை என்று பிரித்துக் காட்டும். நெட்வொர்க் இணைப்புக்காகக் காத்திருக்கும் ஒரு சேவைதான் பல இயந்திரங்களில் நொடிகளைத் தின்கிறது. அதை நிறுத்தினாலே வித்தியாசம் தெரியும்.

ஆக, வேகமும் வன்பொருளும் ஒரே விஷயத்தின் இரண்டு முனைகள். ஹைக்கூவின் வேகத்தை அனுபவிக்க, உங்கள் லேப்டாப்பின் பாகங்கள் அதற்குத் தெரிந்தவையாக இருக்க வேண்டும். அதில் முதல் வாசல் வைஃபை. ஹைக்கூவின் வைஃபை டிரைவர்கள் பெரும்பாலும் ஃப்ரீபிஎஸ்டியிலிருந்தும் ஓப்பன்பிஎஸ்டியிலிருந்தும் எடுக்கப்பட்டவை. அந்தத் தளங்களின் டிரைவர்களை ஏறக்குறைய மாற்றாமலே ஓட்டுவதற்கு ஓர் இடைத்தளம் எழுதி வைத்திருக்கிறார்கள். கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான சிப்களுக்குத் தனித்தனியே எழுத முடியாது என்று உணர்ந்த நல்ல முடிவு. இன்டெல்லின் வைஃபை கார்டுகள் இருக்கும் லேப்டாப்பில் நம்பிக்கையோடு முயலலாம். விலை குறைந்த சின்ன லேப்டாப்களில் வரும் பல சிப்களுக்கு உத்தரவாதம் இல்லை. என்னுடையதில் வந்த கார்டை ஹைக்கூ கண்டுகொள்ளவே இல்லை. அதற்காக ஹைக்கூவைக் கோபிக்க நான் தயாரில்லை. சிப்பை விற்றுவிட்டு அதன் ஆவணத்தைப் பூட்டிவைக்கும் வழக்கத்தின் மேல்தான் என் கோபம்.

வைஃபை கிடைக்காததற்கு ஒரு வழி இருக்கிறது, பலருக்கும் தெரியாதது. பீட்டா 4இலிருந்து, ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி வயரில் செருகி டெதரிங்கைப் போட்டால் ஹைக்கூ அதை நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்கிறது. கார்டு மாற்றும்வரை எனக்கு அதுதான் இணையம்.

கிராஃபிக்ஸ் இன்னொரு கதை. ஹைக்கூவில் முப்பரிமாண வேகமூட்டம் இல்லை. திரையில் தெரியும் எல்லாவற்றையும் சிபியுவே வரைகிறது. எழுதவும் படிக்கவும் பாட்டு கேட்கவும் அது உறைக்கவே இல்லை. உயர் தெளிவு வீடியோவில் உறைக்கும். சின்ன லேப்டாப்களுக்கு இந்த வலி புதிதும் அல்ல. 2008 வாக்கில் சில நெட்புக்குகளில் வந்த ஜிஎம்ஏ 500 என்ற கிராஃபிக்ஸ், இன்டெல் பெயர் தாங்கியிருந்தாலும் உள்ளே பவர்விஆர் கட்டமைப்பு. திறந்த டிரைவர் இல்லாமல் லினக்ஸ் பயனர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல; 2011இல்தான் ஒரு திறந்த டிரைவர் கெர்னலுக்குள் எட்டிப் பார்த்தது. பெட்டியில் எழுதியிருக்கும் நிறுவனப் பெயரைப் பார்த்து வாங்கக் கூடாது, உள்ளே இருக்கும் சிப்பின் எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இன்றும் நான் சொல்லும் உதாரணம் அது.

அந்த ஏழு படங்களுக்குத் திரும்புகிறேன், அவை அலங்காரம் அல்ல. நான்காவது படம், வட்டு, பூட் வட்டை இணைக்கும் கட்டத்தைக் குறிக்கிறது. அந்த இடத்தில் நின்றுவிட்டால் வட்டுக் கட்டுப்பாட்டுச் சிப்போ யூஎஸ்பியோ ஒத்துவரவில்லை என்று தேடத் தொடங்கலாம். மூன்றாவதில், செருகுகார்டு படத்தில், நின்றால் டிரைவர்களை எழுப்பும் இடத்தில் தகராறு. துவங்கும்போது ஷிஃப்டை அழுத்திப் பிடித்தால் ஒரு மெனு வரும். சந்தேகப்படும் டிரைவரை மட்டும் ஒதுக்கிவைத்தோ, பாதுகாப்பான கிராஃபிக்ஸ் முறையிலோ மறுபடி எழுப்பிப் பார்க்கலாம். பிரச்சினையை ஒளிக்காமல் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று படம் போட்டுச் சொல்லும் இயங்குதளம் எனக்குப் பிடித்துப்போனதில் வியப்பில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். எழுத்துருவை நிறுவினாலும் ஹைக்கூவின் சொந்தச் செயலிகள் தமிழைச் சரியாக அடுக்குவதில்லை. ‘தெரு’ என்று எழுதினால் கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடுகிறது. இடம் மாற்றிப் போடும் பகுதி இன்னும் அதில் சேரவில்லை. கோப்புப் பெயர்களைத் தமிழில் வைப்பவருக்கு இது தினசரி உறுத்தல், எனக்கும் அப்படித்தான். லிப்ரே ஆபீஸ் எழுத்தைத் தானே அடுக்கிக்கொள்வதால் அதில் தப்பிக்கலாம். தூக்க வசதியைவிட முதலில் இது சரியாக வேண்டும் என்பது என் ஆசை. தூக்கம் இல்லாததற்கு வேகம் ஈடுகட்டுகிறது. நான் இப்போது மூடியைச் சாத்துவதே இல்லை, வேலை முடிந்ததும் அணைத்துவிடுகிறேன். திறந்திருந்த சாளரங்கள் மட்டும் திரும்ப வராது, அதனால் அடிக்கடி சேமிக்கப் பழகியிருக்கிறேன். எழுத்து உடைவதற்கோ எந்த ஈடும் இல்லை.

முயல விரும்புகிறவர்கள் எதையும் அழிக்க வேண்டியதில்லை. ஹைக்கூவின் படிமக் கோப்பை ஒரு பென்டிரைவில் எழுதி அதிலிருந்தே முழு மேசைத்திரையையும் ஓட்டலாம்; 384 எம்.பி. ரேம் இருந்தாலே கிளம்பிவிடும். பழைய சின்ன லேப்டாப் வாங்கப் போகிறீர்கள் என்றால் அந்தப் பென்டிரைவைக் கடைக்கே எடுத்துப் போங்கள். வைஃபை பட்டியல் தெரிகிறதா, டச்பேட் நகர்கிறதா, ஒலி வருகிறதா, உள்ளிருக்கும் வட்டு கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். ஈஎம்எம்சி சேமிப்பைப் பலகையிலேயே பற்றவைத்த மலிவு மாடல்களில் அந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்காமல் பணம் கொடுக்காதீர்கள்.