மனைவிளையாட்டும் உலக நோக்கும்

இளங்குழந்தைகட்கு உலக மக்களின் பண்பாட்டை எவ்வாறு அறிவிப்பது என்னும் வினாவிற்கு நம் நாட்டு நூல்வழியே கிடைத்துள்ள விடைகளுள் இரண்டு குறிப்பிடத்தக்கன. ஒன்று கடிதம், மற்றொன்று கலைக்களஞ்சியம். இவற்றின் பயனையும் எல்லையையும் மதிப்பிட்டு, இவை இரண்டும் எட்டாத இடத்தில் மனையகத்தே விளங்கும் மூன்றாம் நெறியொன்றை ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1928ஆம் ஆண்டுக் கோடையில், முசௌரியில் இருந்த தம் பத்து வயது மகளுக்கு அலகாபாத்திலிருந்து சவகர்லால் நேரு வரைந்த கடிதங்கள் மறு ஆண்டே நூலுருப் பெற்றன. உலகின் தோற்றம், மொழி, சமயம், பழைய நாகரிகங்கள் ஆகியவற்றை அவை எளிமையாக விளக்குகின்றன. சிறு கூழாங்கல் ஒன்றும் தன் வரலாற்றைச் சொல்லவல்லது என்று நேரு தொடங்குமிடம் நம் கருத்திற்கு உரியது. கையில் எடுத்துப் பார்க்கத்தக்க பொருளினின்று சிந்தனை எழும் அவ்விடமே அந்நூலின் சிறந்த பகுதி எனலாம். பின்வரும் பகுதிகளில் கல் மறைந்து சொல்லே நிற்கின்றது. அஃது ஆசிரியரின் குறையன்று. தந்தை ஓரிடத்தும் மகள் ஓரிடத்தும் இருந்தமையின் விளைவு.

தமிழ் வளர்ச்சிக் கழகம், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1968 முதல் 1976 வரை 10 தொகுதிகளாக வெளியிட்ட குழந்தைகள் கலைக்களஞ்சியம் தமிழுக்கு வாய்த்த அரும்பேறு. ஆயினும் அகரநிரலில் அமைந்த நூல் வினவுவார்க்கே விடை தரும். வினாவை எழுப்புதல் அதன் தொழிலன்று. எழுத்தறியாத ஐந்து வயதுக் குழந்தைக்கோ அது திறவாப் பெட்டகம்.

இனி, மனையகத்திற்கு வருவோம். தென்காசி மாவட்டத்துப் பண்பொழி, திருமலை முருகன் கோயிலால் பெயர்பெற்ற மலையடிவார ஊர். அதனை அடுத்த செங்கோட்டை 1956 நவம்பர் 1ஆம் நாளன்றே சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் மலையாளம் ஒலிக்கும். இவ்வெல்லைப்புறத்துக் குழந்தைக்குப் பிறர் என்போர் கடலுக்கு அப்பாலுள்ளோர் மட்டும் அல்லர். கண்ணிற்படும் மலைக்கு அப்பாலுள்ளோருமாவர். வாசலில் தான் காணும் புள்ளிக்கோலத்தையும் ஓணத்தின்போது அப்பால் இடப்பெறும் பூக்களத்தையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கும் குழந்தை, ஒப்புமையும் வேற்றுமையும் காணும் பயிற்சியில் முதற்படி ஏறிவிடுகின்றது. அப்படியினின்று உலகிற்குச் செல்லும் வழிகள் வீட்டினுள்ளேயே உள்ளன. அவற்றுள் தலையாயது பல்லாங்குழி.

ஆச்சியும் பேத்தியும் எதிரெதிர் அமர்ந்து ஆடும் இவ்வாட்டத்திற்குப் பக்கத்திற்கு ஏழாகப் 14 குழிகள் உண்டு. புளியமுத்தோ சோழியோ இட்டு ஆடுவர். ஒரு குழியில் நான்கு முத்துகள் சேரின் அதனைப் பசு என்று கூறி எடுத்துக்கொள்வர். இவ்வகை ஆட்டங்களை ஆய்வாளர் மன்காலா என்னும் பொதுப்பெயரால் வழங்குவர். நகர்த்துதல் என்னும் பொருளுடைய அரபு வேர்ச்சொல்லினின்று பிறந்த பெயர் அது. மலேசியாவில் சொங்காக், பிலிப்பைன்சில் சுங்கா, கானாவில் ஓவரே என்பன இக்குடும்பத்தன. ஓவரே ஆட்டத்திற்குக் குழிகள் 12. குழிக்கு நான்காக விதைகள் 48. எதிரியின் குழியில் இறுதி விதை விழுந்து, அங்குள்ளவை இரண்டோ மூன்றோ ஆயின் அவற்றைக் கைப்பற்றுவர்.

நம் பலகையில் பக்கத்திற்கு ஒரு குழியை ஒதுக்கிவிடின் ஓவரே ஆட்டத்திற்கு அதுவே போதும். ஒருநாள் நம் விதிப்படியும் மறுநாள் கானா மக்களின் விதிப்படியும் ஆடும் குழந்தை, அம்மக்களைப் பற்றிக் கேட்டறிவதோடு நில்லாமல் அவர்தம் விதிக்கு ஒருநாழிகை அடங்கி நடக்கின்றது. நான்கைப் பசுவாக எண்ணிய கை, இரண்டிற்கும் மூன்றிற்கும் மதிப்புண்டு என்று கற்கின்றது. தன் பலகையில் பிறர் விதியை மதித்தாடும் இப்பழக்கமே பண்பாட்டுக் கல்வியின் உயிர்நிலை என்பது நம் துணிபு.

ஒப்புமை கண்டவிடத்துப் பெரியோர் சொல்லும் விளக்கத்தில் ஒரு குற்றம் நேர்தல் கூடும். எல்லாம் நம்மிடமிருந்தே சென்றன என்று கூறிவிடும் எளிய பெருமிதமே அது. இதனைத் தவிர்க்க, நான்கு உறவுகளைப் பிரித்தறிதல் வேண்டும். முதலாவது, சென்றது: தாயத்தோடு ஓரினமான பச்சீசி இங்கிலாந்து சென்று மாற்றமுற்று, 1896இல் லூடோ என்னும் பெயரில் காப்புரிமை பெற்றது. இரண்டாவது, வந்தது: மிளகாய் அமெரிக்க நிலத்தது, போர்த்துகீசியர் வழி இங்கு வந்தது. காரத்திற்கு மிளகையே அறிந்திருந்த தமிழர் புதிய காய்க்கு இட்ட பெயரே அவ்வரவிற்குச் சான்று. சாவி, சன்னல், மேசை என்னும் சொற்களும் அம்மொழியினின்று வந்தனவே. மூன்றாவது, துணியப்படாதது: மன்காலா ஆட்டங்களின் பிறப்பிடம் பற்றி அறிஞரிடை முடிந்த முடிபு இல்லை. நான்காவது, தனித்தனியே எழுந்த ஒப்புமை: நம் நவராத்திரிக் கொலுவும், சப்பானியர் மார்ச்சு 3ஆம் நாள் பெண்மக்கள் நலங்கருதிப் படியடுக்கி வைக்கும் பொம்மை வரிசையும் காட்சியால் ஒத்தன, கருத்தால் வேறுபட்டன. அங்கே மேற்படியில் அமர்வோர் பேரரசரும் பேரரசியும். இங்கே வழிபடப்படுவோள் தேவி. காட்சி ஒத்தது கொண்டே ஒன்றினின்று மற்றொன்று பிறந்தது என்னல் ஆராய்ச்சி நெறியன்று.

இந்நான்கனையும் குழந்தைக்கு இலக்கணமாகக் கற்பித்தல் வேண்டா. இது போயிற்று, இது வந்தது, இது தெரியவில்லை, இது தற்செயலாய் ஒத்தது என்று பெரியோர் உண்மை வழுவாது சொல்லின் போதும். தெரியவில்லை என்னும் சொல்லைத் தன் தாயின் வாயினின்று கேட்கும் குழந்தை ஆராய்ச்சியின் முதற்பாடத்தைக் கேட்கின்றது.

உழைத்துக் களைத்துத் திரும்பும் பெற்றோர்க்கு இவற்றிற்கெல்லாம் பொழுது ஏது என்பார் உளர். தடை வலிதே. பலகை இல்லாதார்க்கு மண்ணில் தோண்டிய குழியும் புளியமுத்தும் அமையும்; பொழுதிற்கு அவ்வாறு மாற்று இல்லை. ஆதலின் அவர்மேல் புதுக்கடமை ஒன்றைச் சுமத்துதல் தகாது. அவர்கள் ஆடுவதையும் சமைப்பதையும் பேசுவதையுமே கருவியாகக் கொள்ளல் வேண்டும். கானா மக்களின் விதியை அவர்கட்கு எட்டச் செய்தல் நம் கடமை. பண்பொழி, செங்கோட்டை முதலிய ஊர்களில் வழங்கும் ஆட்ட விதிகளை ஊர்தோறும் கேட்டெழுதி, கணவாய்க்கு அப்பாலும் கடலுக்கு அப்பாலும் வழங்குவனவற்றோடு ஒப்பிட்டு, எளிய நடையில் சிறுநூல்களாக்கும் பணியை முதுகலை மாணவர் மேற்கொள்ளுதல் வேண்டும். விதிகளை நினைவில் வைத்துள்ள முதியோர் குறைந்து வருதலின், இப்பணி காலந்தாழ்த்தற்கு உரியதன்று.