காற்றில் தட்டும் விரல்கள்

செகண்ட் லைஃப் என்னும் இணைய உலகில் ஒருவர் ஏதாவது சொல்ல எழுதத் தொடங்கியதும், அவருடைய உருவம் இரு கைகளையும் முன்னே நீட்டி, அங்கே இல்லாத விசைப்பலகையைத் தட்டும். கூடவே சடசடவென்று விசையொலி. எனக்கு அந்த உலகத்தில் மிகவும் பிடித்தது இந்தச் சின்ன அசைவுதான். தட்டல் நின்று, வார்த்தை எதுவும் வராமல், மறுபடி தொடங்கினால், எழுதியதை அழித்துவிட்டு யோசிக்கிறார் என்று புரிந்துவிடும். நாமும் அவசரப்படாமல் காத்திருப்போம். எதிரில் நிற்பவரின் தயக்கத்தைக்கூடக் கேட்க முடிகிற அரட்டை எவ்வளவு அருமை!

அங்கே பேச்சுக்குத் தொலைவும் உண்டு. சாதாரணமாகச் சொன்னது 20 மீட்டர் வரைதான் எட்டும். கூவினால் 100 மீட்டர். ஆகவே ஒருவரோடு பொதுவில் பேச அவர் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். போகிற வழியில், திண்ணைகளைக் கடந்து நடப்பதுபோல, அடுத்தவர்களின் கதைகளும் துண்டு துண்டாகத் திரையில் வந்து விழும். பழகியவர்கள் முதுகு காட்டாமல் திரும்பி நிற்பார்கள். புதிதாக வந்தவருக்கு இடம்விட்டு நகர்வார்கள். நெடுநேரம் விசையைத் தொடாதவரின் தலை தானாகத் தொங்கிவிடும். தேநீர் போடப் போயிருப்பார். திரும்பி வந்ததும் விட்ட கதையைச் சொல்ல பெரும்பாலும் யாராவது இருப்பார்கள்.