பாவடியும் கணினிக் கூடமும்

கொங்கு நாட்டு நெசவூர்களில் பாவடி என்று ஓர் இடம் உண்டு. ஒரு வீட்டுக்கோ ஒரு குடும்பத்துக்கோ உரியதாகாமல், தறி வைத்துப் பிழைக்கும் எல்லார்க்கும் பொதுவாய் நீண்டு கிடக்கும் அந்த நிலத்தில், விடியற்காலையில் தறிக்குரிய நெடுக்கிழைகளாகிய பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, அறுந்த இழைகளைப் பிணைத்து, வெயில் ஏறுமுன் சுருட்டிக்கொண்டு போவார்கள். மறுநாள் அதே நிலம் வேறொருவர் பாவுக்கு ஆகும். இடம் பொதுவே ஆயினும், ஒருவர் பாவை நீட்டிவிட்டால் வேலை முடியும்வரை அவரை எழுப்புவாரில்லை. பாதியில் கஞ்சி காய்ந்த பாவு தறிக்கு ஏறாது என்பதை எல்லாரும் அறிவார்கள். சென்னிமலையில் போர்வைத் தறிகளின் ஓசைக்கிடையே வளர்ந்த எனக்கு, நம் கலாசாலைகளில் எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக வைக்கப்பட்டிருக்கும் கணினிக் கூடங்களைக் காணும்போதெல்லாம் இந்தப் பாவடியின் நினைவே வருகிறது. பூகோளம் பயிலும் மாணவர்க்கு அத்தகைய கூடம் நம் நாட்டில் எவ்விதம் வாய்க்கிறது, கடலுக்கு அப்பால் இலங்கையில் எவ்விதம் வாய்க்கிறது என்பதைச் சற்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

பூகோளத் துறைக்கு முன்னாளில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசை, சமதள மேசை, சரிவு அளக்கும் கருவி, பெட்டிப் பெட்டியாய் அடுக்கிய நிலப்படங்கள் ஆகிய உபகரணங்களை வேறு எந்தத் துறையும் விரும்பிக் கேட்டதில்லையாதலால், அவை இருந்த அறை பூகோளத்துக்கே சொந்தமாயிற்று. 1767-இல் தோன்றிய இந்திய நில அளவைத் துறை வெளியிட்ட படங்களில் எங்கள் ஊர் விழும் தாளுக்கு 58இ/12 என்று பெயர். அந்தத் தாளை மேசைமேல் விரித்து, முருகன் கோயில் கொண்ட குன்றின் சம உயரக்கோடுகளை விரலால் தொட்டு எண்ணிப் பார்த்த மாணவன், மறுநாளும் அதே தாளிடம் அதே மேசையில் வந்து உட்காரலாம். இலங்கையிலும் 1800-இல் அமைந்த நில அளவைத் திணைக்களத்தின் படங்களைக் கொண்டு இவ்வாறே பயின்றார்கள். நாம் டோபோ ஷீட் என்று சொல்லிப் பழகிவிட்டதை அவர்கள் இடவிளக்கப்படம் என்று அழகாகச் சொல்லுகிறார்கள். படம் வரையும் வேலை கணினிக்குப் போன பிறகுதான் நிலைமை மாறிற்று. வணிகவியலும் கணிதமும் கணினி அறிவியலும் விரும்பும் ஒரே கருவி பூகோளத்துக்கும் கருவியாகிவிடவே, தனக்கென்று ஓர் அறை வைத்திருந்த சாஸ்திரம் பிறர் அறையில் முறை கேட்டு நிற்கும்படி நேர்ந்தது.

நம் பக்கத்துப் பழக்கத்தை முதலில் சொல்லுகிறேன். தமிழ்நாட்டுக் கலாசாலைகளிற் பல, ஒரு சர்வகலாசாலையோடு இணைக்கப்பட்டவை. கோவையில் 1982-இல் தோன்றிய பாரதியார் பல்கலைக்கழகத்தின் கீழ் இவ்வாறு இயங்குபவை பல. பாடத்திட்டம் ஓரிடத்தில் வகுக்கப்பட, கற்பித்தல் வேறோரிடத்தில் நடைபெற, செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து ஒரு பரிசோதகர் வந்து ரெக்கார்டு நோட்டில் கையொப்பமிட்டுச் செல்லும் ஏற்பாடு இது. கோவை அரசு கலைக் கல்லூரியைப் போல் தன்னாட்சி பெற்றவை தாமே தேர்வு நடத்துகின்றன என்றாலும், கால அட்டவணையின் ஆட்சி அங்கும் இங்கும் ஒன்றே. கூடம் ஒரு துறைக்கு வாரத்தில் இத்தனை பீரியடு என்று பங்கிடப்படுகிறது. வகுப்பு இரண்டு பேட்சாகப் பிரிகிறது. மணி அடித்ததும் அடுத்த துறையார் வாசலில் நிற்கிறார்கள். மாணவர்களோ பெரும்பாலும் வீட்டிலிருந்து பேருந்தில் வந்து போகிறவர்கள். சென்னிமலையிலிருந்து ஈரோட்டுக்கோ கோவைக்கோ பாஸ் வைத்துக்கொண்டு போய்வரும் பெண்ணுக்குக் கூடம் திறந்திருக்கும் நேரமும் பேருந்தின் நேரமும் ஒன்றையொன்று நெருக்குகின்றன.

எங்கள் தெருவில் தறிக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தி, நொய்யல் ஆற்றங்கரைக் கிணறுகளை ஒவ்வொன்றாகக் குறித்து, மூன்று மணி நேரம் உழைத்து, ஒரு படம் செய்தாள். மணி அடித்த அவசரத்தில் தன் பென்டிரைவில் ஷேப்ஃபைலின் ஒரு கோப்பை மட்டும் நகலெடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒரே பெயரில் உருவத்துக்கு ஒன்று, வரிசைக்கு ஒன்று, விவரத்துக்கு ஒன்று என்று குறைந்தது மூன்று கோப்புகள் சேர்ந்தால்தான் அப்படம் திறக்கும் என்பதை அவள் வீட்டுக்கு வந்த பின்பே அறிந்தாள். மறுநாள் காலையில் ஓடிப் பார்த்தபோது, அந்தக் கூடத்துக் கணினிகள் அணைத்துத் திறந்தால் பழைய நிலைக்கே மீளும்படி ஒரு காவல் மென்பொருளால் கட்டப்பட்டிருந்தமையால், அவள் உழைப்பின் சுவடே அங்கு இல்லை. வைரஸுக்கு அஞ்சிச் செய்த அந்த ஏற்பாட்டைக் குற்றம் சொல்ல இயலாது. நூறு பேர் கைபடும் கணினிக்கு அது அவசியமே. ஆனால் எழுந்து போகும் மாணவியின் வேலை எங்கே தங்கும் என்று அந்த ஏற்பாட்டில் எவரும் யோசிக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

இலங்கையில் இணைப்புக் கலாசாலை என்னும் அமைப்பு இல்லை. பாடத்தை வகுப்பவரும் கற்பிப்பவரும் வினாத்தாள் எழுதுபவரும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர்களே. 1974-இல் ஒரு வளாகமாகத் தொடங்கி 1979-இல் தனிப் பல்கலைக்கழகமான யாழ்ப்பாணத்தை எடுத்துக்கொள்வோம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி இருந்த திருநெல்வேலியில் அது அமைந்திருக்கிறது. நம் தாமிரபரணிக்கரை நகரின் பெயரையே தாங்கிய ஊர் அது. கலைப்பீடத்து மாணவர் முதலாண்டில் மூன்று பாடங்கள் பயின்று, பின்னர் தகுதி பெற்றவர் பூகோளத்தைச் சிறப்புப் பாடமாய் எடுத்து, நான்காம் ஆண்டில் ஓர் ஆய்வேட்டை எழுதி முடிக்கிறார். நம்மில் மூன்றாண்டுப் படிப்பில் ஒரு வகுப்பே சேர்ந்து செய்யும் பயிற்சியை, அங்கே சிலர் மட்டும், தமக்கென ஒரு பிரதேசத்தையும் ஒரு பிரச்சினையையும் எடுத்துக்கொண்டு, மாதக் கணக்கில் செய்கிறார்கள். வெளி மாவட்டங்களிலிருந்து வருவோர் விடுதியிலோ அருகே போர்டிங்கிலோ தங்குபவர்களாதலால், கடைசிப் பேருந்து அவர்களை விரட்டுவதில்லை. பொதுக் கணினிக் கூடத்தின் பயன் இயந்திரங்களின் எண்ணிக்கையால் தீர்வதன்று, ஒருவர் அதில் எவ்வளவு நேரம் இடையூறின்றி உட்காரலாம் என்பதாலேயே தீர்கிறது என்று நான் கருதுவதற்கு இந்த வித்தியாசமே காரணம்.

இதனால் அவர்கள் சௌகரியமாக இருந்தார்கள் என்று எண்ணிவிடலாகாது. உள்நாட்டுப் போரினால் யாழ்ப்பாணக் குடாநாடு 1990 முதல் நெடுங்காலம் தேசிய மின்வலையிலிருந்து அறுபட்டுக் கிடந்தது. 1995 அக்டோபர் இறுதியில் ஊரே பெயர்ந்தபோது பல்கலைக்கழகமும் அந்தப் பெயர்ச்சியில் சிதறிற்று. மீண்டும் 2022-இல் பொருளாதார நெருக்கடி முற்றியபோது, தீவு முழுவதும் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் நின்றது. கொங்கு நாட்டாருக்கும் 2012-இன் மின்வெட்டு மறந்திராது. ஆயினும் நமக்கு அது தொழிலை முடக்கிய ஓராண்டு. அவர்களுக்கோ ஒரு தலைமுறையின் கல்வியையே இருளில் நடத்திய காலம்.

இரண்டு நாட்டு மாணவரும் ஒரே பயிற்சியைச் செய்வதைக் கற்பனை செய்து பார்க்கலாம். கற்பனைக்கு ஆதாரமோ மெய்யானது. சென்னிமலைக்கு அருகே நொய்யலின் குறுக்கே 1992-இல் முடிந்த ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்கென்று கட்டப்பட்டுத் திருப்பூர்ச் சாயக் கழிவின் தேக்கமாயிற்று. சுற்றுப்புறக் கிணறுகள் உவர்த்தன. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிடும் அளவுக்கு அந்த அவலம் வளர்ந்தது. யாழ்ப்பாணத்தில் சுன்னாகத்து மின்நிலையத்தின் எண்ணெய்க் கழிவு சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கிக் கிணற்றுநீரைக் கெடுத்தது; 2019-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இழப்பீடு செலுத்தத் தீர்ப்பளித்தது. இரண்டிடத்திலும் பூகோள மாணவர் செய்யவேண்டியது ஒன்றே: கிணறுகளின் இருப்பிடத்தைப் பதிந்து, நீரின் குணத்தை எண்ணாக எழுதி, இடைப்பட்ட நிலத்தின் நிலைமையைக் கணித்து, நிறம் தீட்டிக் காட்டுவது.

இங்கே ஒரு நுட்பம் குறுக்கிடுகிறது. உலகை ஆறு ஆறு பாகையாகப் பகுத்து அளக்கும் யுடிஎம் முறையில், 78-ஆம் தீர்க்கரேகை நம் பிரதேசத்தை இரண்டாக வெட்டுகிறது. சென்னிமலையும் ஈரோடும் 43-ஆம் மண்டலத்தில் விழ, கரூரும் சேலமும் 44-இல் விழுகின்றன. முன்பு உட்கார்ந்தவர் விட்டுப்போன 44 என்னும் அமைப்பைக் கவனியாமல் நம் மாணவி கிணறுகளை ஏற்றினால், அவை ஆறு பாகை கிழக்கே, வங்காள விரிகுடாவின் நடுவே போய் நிற்கும். இலங்கைத் தீவு முழுவதும் 44-க்குள் அடங்குவதால் அவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் பிதுருதலாகலை மலையை மூலமாகக் கொண்ட அவர்களுடைய தேசிய அளவைக் கட்டத்தில், பழைய கணக்கு மூலத்துக்கு இரண்டு லட்சம் மீட்டர் என்றும், 1999-இன் புதிய கணக்கு ஐந்து லட்சம் மீட்டர் என்றும் கொள்வதால், இரண்டையும் கலந்துவிட்ட மாணவருக்குக் கிழக்கிலும் வடக்கிலும் முந்நூறு முந்நூறு கிலோமீட்டர் பிசகும். இப்பிழைகள் அறிவின்மையால் வருபவையல்ல. தன் அமைப்பைத் தான் விட்டபடியே காணமுடியாத பொது இயந்திரத்தில் அவசரமாக வேலை செய்வதால் வருபவை.

எழுத்துருவின் சங்கடமும் பொதுவானதே. கிராமப் பெயர்களைத் தமிழில் ஏற்றவேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள், இலங்கையில் பாமினியிலும் இங்கே வானவில்லிலும் தட்டச்சிட்டு வைத்த அட்டவணைகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளின் குப்பையாய்த் தெரிந்தன. தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்ற பிறகு இந்தக் கஷ்டம் குறைந்திருக்கிறது. தமிழிலேயே பட்டப்படிப்பு நடத்தும் யாழ்ப்பாணத்தில் தொலையுணர்வு, புவியியல் தகவல் முறைமை என்ற சொற்கள் விரிவுரையில் இயல்பாகப் புழங்குகின்றன. நம் கூடங்களிலோ, தமிழ்வழி மாணவரும் பாடத்தை ஆங்கிலத்தில் உருப்போடுகிறார். இந்த ஒரு விஷயத்தில் அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு.

தரவில் நமக்கே மேன்மை. 2009-இல் இஸ்ரோ திறந்த புவன் என்னும் இணைய நிலப்படத் தளமும், நில அளவைத் துறை 2017 முதல் இணையத்தில் வழங்கும் படங்களும், 2021 பிப்ரவரியில் மத்திய அரசு தளர்த்திய நிலப்படத் தரவு விதிகளும் நம் மாணவருக்குக் கிடைத்த பெரும் செல்வம். இலங்கை மாணவர் எண்முறைத் தரவுக்குத் திணைக்களத்திடம் கட்டணம் செலுத்தவேண்டியிருக்கிறது. க்யூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருள் இருவர்க்கும் பொது. 2011-இல் தமிழக அரசு மாணவர்க்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியதும் சாமானியமான காரியமன்று. தறிக்காரர் வீட்டுக்குள் முதல் கணினி நுழைந்தது அதனால்தான்.

இவ்வளவு செல்வம் இருந்தும், நம் மாணவி தன் வேலையைப் பாதியில் விட்டு எழுந்துதான் போகிறாள். ஆகையால் கொங்கு நாட்டுக் கலாசாலைகளின் முதல்வர்களை நான் வேண்டுவது இரண்டே. மாலையில் பூட்டும் கணினிக் கூடத்தை வாரத்தில் இரண்டு நாளேனும் இரவு ஏழு மணி வரை பூகோள மாணவர்க்கென்று திறந்து வையுங்கள். காவல் மென்பொருள் தொடாத ஒரு வன்தட்டில், ஒவ்வொரு மாணவர் பெயரிலும் ஒரு கோப்புறை ஒதுக்குங்கள்.