அருவியும் வீடும்

நயாகரா அருவியை நேரில் பார்ப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பார்ப்பதற்கு முன்பே அதைப் பல நூறு தடவை பார்த்துவிடுகிறோம், காலண்டரிலும் சினிமாவிலும். நேரில் போய் நின்றதும், படமும் பொருளும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்க்கும் குமாஸ்தாவின் புத்திதான் முதலில் வேலை செய்கிறது. எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. கோட் தீவின் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்ற பிறகுதான் அந்தக் குமாஸ்தா எழுந்து போனான்.

குதிரைலாட அருவி விழுவது சுமார் 57 மீட்டர்தான். அதைவிட உயரமான அருவிகள் உலகத்தில் எத்தனையோ உண்டு. ஆளை அசத்துவது அகலமும் நீரின் கனமும். விளிம்பைத் தாண்டுகிற இடத்தில் தண்ணீர் ஒரு கணம் பச்சைக் கண்ணாடிபோல வளைகிறது. உடனே வெள்ளையாக உடைந்துவிடுகிறது. அந்த ஒரு கணத்தையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட வந்த நண்பர் என் ரசனையைக் கெடுத்தார். அமெரிக்காவும் கனடாவும் 1950இல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பிரயாணிகள் வரும் பருவத்தில் பகலில் வினாடிக்கு 1,00,000 கன அடிக்குக் குறையாமல் அருவியில் தண்ணீர் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் அதில் பாதி விழுந்தால் போதும். மற்றது மின்சாரத்துக்குப் போய்விடும். 1969இல் ஜூன் முதல் நவம்பர் வரை அமெரிக்கப் பக்கத்து அருவியை அணை போட்டே நிறுத்திவிட்டு, அடியில் கிடந்த பாறைகளை ஆராய்ந்தார்கள். “அப்படியென்றால் இது பெரிய குழாய்தானே ஐயா?” என்றார் நண்பர்.

அந்தச் சமயம் எனக்கும் ஏமாற்றமாகத்தான் இருந்தது. ராத்திரி யோசித்தபோது அபிப்பிராயம் மாறியது. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து மின்சாரக் கணக்குப் போடும்போது, அங்கே வந்து நிற்கப்போகும் முகம் தெரியாத மனிதனின் கண்ணையும் கணக்கில் சேர்த்திருக்கின்றன. வியாபார லாபம் அதற்குள் இருக்கலாம். இருந்தாலும், பார்க்கிறவன் ஒருவன் உண்டு என்ற நினைப்பு அந்தத் தண்ணீரில் இருக்கிறது.

மறுநாள் பக்கத்திலுள்ள பஃபலோ நகரத்துக்குப் போனோம். ஃபிராங்க் லாயிட் ரைட் என்ற கட்டடக் கலைஞர், லார்க்கின் சோப்புக் கம்பெனியில் பெரிய உத்தியோகத்தில் இருந்த டார்வின் மார்ட்டினுக்காக 1903 முதல் 1905 வரை கட்டிய வீடு அங்கே இருக்கிறது. குடும்பம் 1937இல் அதை விட்டுப் போயிற்று. 1960களின் தொடக்கத்தில் பின்பக்கக் கட்டடங்களை இடித்து அடுக்கு வீடுகள் கட்டினார்கள். பிற்பாடு அவற்றை அப்புறப்படுத்தி, இடித்தவற்றைப் பழைய மாதிரியே மறுபடி கட்டி 2007இல் முடித்தார்கள்.

வாசலில் நுழைந்தால், நேர் எதிரே சுமார் 100 அடி நீளமுள்ள தூண் வரிசை நடைவழி; அதற்கு அப்பால் செடிகள் வளர்க்கும் கண்ணாடி மாளிகையில் கிரேக்க வெற்றித் தேவதையின் சிலைப் பிரதி. வீட்டுக்குள் நுழைந்த கணத்திலேயே பார்வை வீட்டைத் தாண்டிப் போய்விடுகிறது. சுவர்களை முக்கால்வாசி எடுத்துவிட்டுத் தூண்களையே அறைகளின் எல்லையாக்கியிருக்கிறார். ஜன்னல்களில் வண்ணக் கண்ணாடிச் சித்திரங்கள். ‘உயிர் மரம்’ என்று பெயர் பெற்ற ஜன்னல் ஒன்றில் மட்டும் 750க்கு மேற்பட்ட துண்டுகள். நிஜமான சிருஷ்டி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அங்கே நிற்க நிற்க ஒரு மனக்குறை வளர்ந்தது. வெளியே நல்ல வெயில். உள்ளே விளக்குப் போட்டிருந்தார்கள். தாழ்ந்து நீண்ட கூரை, கனத்த செங்கல் தூண்கள், சித்திரக் கண்ணாடி எல்லாம் சேர்ந்து வெளிச்சத்தை வடிகட்டிவிடுகின்றன. மார்ட்டினின் மனைவி இசபெல்லுக்குக் கண் பார்வை மங்கல். இந்த வீடு இருட்டு என்பது அவளுடைய நெடுநாள் குறை. ரைட்டோ இந்த வீட்டின் வரைபடத்தைத் தம் வேலை மேஜைக்கு மேலே பல ஆண்டுகள் மாட்டி வைத்திருந்தார். அவர் வணங்கியது வரைபடத்தை. வீட்டுக்குள் தடவி நடந்தவள் அந்தக் கோடுகளில் இல்லை.

இதற்காக அவரைக் குறை கூறிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் 1926இல் ஈரி ஏரிக் கரையில் அதே குடும்பத்துக்கு இன்னொரு வீடு கட்டத் தொடங்கினார் ரைட். அது இசபெல்லுக்கான வீடு. வெளிச்சமும் காற்றும் தாராளமாக உள்ளே வருகிற வீடு. இருபது வருஷம் கழித்தாவது அவள் பேச்சு அவர் காதில் விழுந்தது. பெயரும் புகழும் வந்தபின் அப்படிக் கேட்பது லேசான காரியமல்ல.

நான் ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் மேஜை டிராயரில் ஒரு தபால் கார்டு இருக்கிறது. என் நாவல் ஒன்றைப் படித்த ஒரு அம்மாள் எழுதியது. “உங்கள் கதையில் வரும் தாயார் எல்லா அத்தியாயத்திலும் நின்றுகொண்டே இருக்கிறாள். ஒரு இடத்திலாவது அவளை உட்காரச் சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டிருந்தார். நாவலின் அமைப்பு அப்படித்தான் கோருகிறது என்று இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். ரொம்பக் கெட்டிக்காரத்தனமான பதில்.

ஊர் திரும்பியதும் கார்டைத் தேடி எடுத்துப் படித்தேன். அந்த அம்மாள் கேட்டது சரியான கேள்வி.