பல் டாக்டரின் டிரில்லும் ஒரு வாத்தியம்

‘பரி எ ஃப்ரெண்ட்’ பாட்டை ஹெட்ஃபோனில் கேட்டால் பல் கூசும். அது பிரமை அல்ல. பாடகி பில்லி ஐலிஷ் பல் டாக்டரிடம் போயிருந்தபோது பதிவு செய்துகொண்டு வந்த டிரில் சத்தம் நிஜமாகவே அந்தப் பாட்டுக்குள் ஓடுகிறது. கட்டிலுக்கு அடியில் இருக்கும் பூதம் பேசுவதுபோல அமைந்த பாட்டு அது. கொஞ்ச நேரத்தில், பூதமும் கட்டில்மேல் படுத்திருப்பவளும் ஒரே ஆள்தானோ என்ற சந்தேகம் வந்துவிடும். தன்னைத் தானே அரித்துக்கொள்ளும் மனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். இங்கே ஒரு டிரில் அந்த வேலையை முடித்துவிடுகிறது.

இந்தப் பாட்டு இடம்பெற்ற ஆல்பம் 2019 மார்ச்சில் வந்தது. அப்போது பில்லிக்கு 17 வயது. பெரும்பகுதியை அண்ணன் ஃபினியஸ், லாஸ் ஏஞ்சலஸின் ஹைலேண்ட் பார்க் பகுதியில் இருந்த பெற்றோர் வீட்டில், தன் படுக்கையறையிலேயே பதிவு செய்தார். மறு ஆண்டு கிராமி விழாவில் நான்கு முதன்மை விருதுகளும் ஒரே இரவில் பில்லிக்கு. அதற்கு முன் எந்தப் பெண்ணுக்கும் அது வாய்த்ததில்லை.

விருதை விட அந்த அறைதான் முக்கியம். தொண்டை திறந்து பாடுவதே பாட்டு என்று பழகிய காதுக்கு, பில்லி பாடுவதாகவே முதலில் தோன்றாது. மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்து, பக்கத்து அறையில் தூங்குபவர்களை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல முணுமுணுக்கிறார். மூச்சும் எச்சில் விழுங்கும் ஓசையும் அப்படியே கேட்கின்றன. நள்ளிரவில் தூக்கம் வராமல் கிடக்கும் பிள்ளையின் தலைக்குள் ஓடும் பேச்சு இதே அளவு சத்தத்தில்தான் இருக்கும். பின்னால் வந்த பலர் இந்த முணுமுணுப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். டிரில் அவர்களுக்குக் கிடைக்கவில்லை!

‘ஸேனி’ பாட்டில் இன்னொரு வித்தை. போதை மாத்திரையில் மிதக்கும் நண்பர்களுக்கு நடுவே தெளிவாக இருக்கும் ஒருத்தியின் பாட்டு. மென்மையாக, பழைய ஜாஸ் பாணியில் போய்க்கொண்டிருக்கும். திடீரென்று பேஸ் ஒலி ஸ்பீக்கர் கிழிந்ததுபோல உறுமிக் குரலையே அதிரவைக்கும். அடுத்தவர் விடும் புகை முகத்தில் அடிப்பதை ஒலியாகச் செய்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் விட உயர்ந்தது 2019 நவம்பரில் வந்த ‘எவ்ரிதிங் ஐ வான்டட்’. தான் உயிரை விட்டதாகவும், யாருமே அதைப் பொருட்படுத்தவில்லை என்பதாகவும் பில்லி கண்ட கனவிலிருந்து பிறந்தது. தலை நீருக்குள் அமிழ்வதைச் சொல்லும் இடத்தில் குரலும் அடைத்துக்கொள்கிறது. ஆனால் பல்லவியில் பேசுவது வேறொருவர்: நான் இருக்கும்வரை உன்னை யாரும் எதுவும் செய்துவிட முடியாது என்கிற அண்ணன். அண்ணனின் சொல், தங்கையின் குரலில். ஆறுதலைத் தானே பாடிப் பழகிக்கொள்வதுபோல இருக்கிறது. சோகப் பாட்டுகள் எத்தனையோ உண்டு. பதில் சொல்ல ஒரு ஆளை உள்ளே உட்காரவைத்த பாட்டுகள் குறைவு.

அந்த ஆளை இன்னும் வெளிப்படையாக உட்காரவைத்தவர் ராப் பாடகர் லாஜிக். அமெரிக்கத் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணையே தலைப்பாக வைத்து 2017 ஏப்ரலில் ஒரு பாட்டு வெளியிட்டார். முதலில் அழைப்பவரின் நிலையில் பல்லவி. பிறகு மறுமுனையில் கேட்டுக்கொண்டிருப்பவர் சொல்வதாக அதே மெட்டு. முடிவில் மீண்டும் அதே அழைப்பவர், இப்போது வாழ ஆசைப்படுகிறவராக. மெட்டு மாறுவதில்லை, சொற்கள்தான் மாறுகின்றன. இசைநுட்பத்தில் இது பில்லியின் பாட்டுக்கு அருகில் வராது. கொஞ்சம் பிரசார வாடையும் உண்டு. ஆனால் பிஎம்ஜே மருத்துவ இதழில் 2021இல் வந்த ஆய்வு, அந்தப் பாட்டு மிக அதிகம் பேசப்பட்ட 34 நாட்களைக் கணக்கிட்டது. வழக்கமாக எதிர்பார்க்கக்கூடியதை விட அந்த உதவி எண்ணுக்கு 9,915 அழைப்புகள் அதிகமாக வந்திருந்தன. தற்கொலைகள் 245 குறைந்திருந்தன. பாட்டுதான் காரணம் என்று ஆய்வாளர்கள் அடித்துச் சொல்லவில்லை, தொடர்பு இருக்கிறது என்கிறார்கள். பிரசார வாடை என்று முகம் சுளிக்கும் ரசிகர் இந்த எண்களையும் சேர்த்தே அந்தப் பாட்டைக் கேட்க வேண்டியிருக்கிறது.