பொபொல் வூ: அம்மி உரைத்த வழக்கு

ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்ட அமெரிக்க நாகரிகங்களைப் பற்றி எழுதுவோர் அவற்றின் கோபுரங்களையும் நாட்கணிப்பையும் வியந்து போற்றுவர்; அம்மக்களின் இலக்கியத்தை எடைபோட முற்படுவோர் மிகச் சிலரே. குவாத்தமாலாவின் கிச்சே மாயா மக்களது ‘பொபொல் வூ’ இவ்வகையில் நம் கவனத்துக்குரியது.

இந்நூலை அணுகும் திறனாய்வாளன் முதலில் ஒரு தடையை எதிர்கொள்கின்றான். ஸ்பானியர் கிச்சே நாட்டை வென்றது 1524இல். நூல் உரோமன் எழுத்தில் எழுதப்பட்டதோ ஏறத்தாழ 1550களில். அம்மூலப்படியும் இன்றில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ்கோ ஹிமேனெஸ் என்ற தொமினிக்கன் சபைக் குரு எடுத்த பிரதியே எஞ்சியுள்ளது. கிறித்தவம் பரவிய காலத்திலேயே தாம் எழுதுவதாக நூலாசிரியரும் தொடக்கத்திற் கூறுகின்றனர். எனவே இதிற் காணும் படைப்புக் கதையும் பெருவெள்ளமும் விவிலியத்தின் எதிரொலிகளே எனக் கருதுவாருளர்.

இக்கருத்து முற்றிலும் ஏற்புடையதன்று. தேவர்கள் மண்ணாற் செய்த மனிதன் கரைந்துபோகின்றான். அடுத்து மரத்தாற் செய்யப்பட்டோர் பேசுகின்றனர், பெருகுகின்றனர். ஆயின் படைத்தோரை நினைக்கும் நெஞ்சம் அவர்க்கில்லை. வெள்ளம் அவர்களை அழிக்க வருகின்றது. உடன் அம்மியும் பானையும் வளர்ப்பு நாயும் அவர்கள்மேற் பாய்கின்றன. நாள்தோறும் தம்மைத் தேய்த்ததையும் சுட்டதையும் பட்டினி போட்டதையும் எடுத்துரைத்துப் பழிதீர்க்கின்றன. நோவாவின் வெள்ளத்தில் இத்தகைய வழக்குரைப்பு இல்லை. மாறாக, மாயா நாட்டுக்கு மிகத் தொலைவில், பெருவின் மோச்சே மக்கள், கருவிகள் கைகால் பெற்று மனிதரைத் தாக்குவதைச் சுவரிலும் மட்கலத்திலும் தீட்டியுள்ளனர். அவர்தம் காலம் ஏறத்தாழ கி.பி. 100 முதல் 800 வரை. இரு மக்களிடையே நேரடித் தொடர்பு இருந்ததென இதனாற் கூறிவிட முடியாது. ஆயினும் இக்கற்பனை அக்கண்டத்துக்கு அந்நியமானதன்று என்பது தெளிவு.

இறுதியிற் சோளத்தால் ஆக்கப்பட்ட மனிதர் அனைத்தையும் காண்கின்றனர்; நன்றியும் கூறுகின்றனர். அவர்கள் யாதொரு பிழையும் செய்திலர். எனினும், தமக்கு நிகராவரோ என அஞ்சிய தேவர்கள் அவர்தம் பார்வையை மங்கச் செய்கின்றனர். ஏதேனில் மனிதன் அறிவை விழைந்து குற்றவாளியாகின்றான். இங்கோ அறிவுடனேயே பிறந்து அதனை இழக்கின்றான். உழுதுண்டு வாழ்ந்த ஒரு சமுதாயத்தின் தனித்த உலகநோக்கு இது.

1562இல் யுக்கத்தானில் டியேகோ டி லாண்டா மாயா நூல்களைத் தீக்கிரையாக்கினார். பழைய மாயா ஏடுகளில் இன்று எஞ்சியவை நான்கே. ஆகவே உரோமன் எழுத்து இந்நூலுக்கு இழுக்காகாது. வென்றவரின் எழுத்தை எடுத்துத் தோற்றவர் தம் மரபைக் காத்தனர் என்பதே அதன் பொருள்.