மோதிரம் இல்லாத மறதி

மறதியைக் கதைப்பொருளாகக் கொள்வது நம் நாட்டு இலக்கியத்திற்குப் புதிதன்று. காளிதாசனின் துஷ்யந்தன் சகுந்தலையை மறக்கிறான். மோதிரம் கைக்கு வந்ததும் அனைத்தும் நினைவுக்கு வருகின்றன. சாபத்தால் வந்த மறதி அடையாளப் பொருளால் தீர்கிறது. ஆனால் 1906-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் எடுத்துரைத்த நோய்க்கு அத்தகைய மோதிரம் இன்றளவும் கிடைத்திலது. மீளாத நினைவை வைத்துக்கொண்டு ஒரு கதையை எங்ஙனம் முடிப்பது? இவ்வினாவை எதிர்கொண்ட படைப்புகளுள், உதியன்குளங்கரை, பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு மிக அணுக்கமானது ‘தன்மாத்ர’ என்னும் மலையாளத் திரைப்படம்.

பத்மராஜனின் ‘ஓர்ம’ என்னும் சிறுகதையைத் தழுவிப் பிளெஸ்ஸி இயக்கிய இப்படம் 2005-இல் வெளிவந்தது. திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தில் பணியாற்றும் இரமேசன் நாயர் கதைத்தலைவர். அவராக நடித்த மோகன்லாலுக்குக் கேரள அரசின் விருதும் கிடைத்தது. ஆயினும் முதலில் போற்றத்தக்கது நடிப்பன்று. நோயின் வரவை இயக்குநர் முரசறைந்து அறிவிக்காமை. அலுவலகக் கோப்பு ஒன்று காணாமற் போகிறது. பின்னர் அது வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. அவ்வளவே. காண்போர் நகைப்பர், சற்று நேரத்தில் நகைத்ததற்கு நாணுவர். இல்லங்களுக்குள் இந்நோய் நுழைவதும் இவ்வாறே. சாவி, மருந்து, பால் கணக்கு, ஒரே வினா நான்கு முறை. வீட்டார் அதனை வயது என்பர்; கவனக்குறைவு என்பர்; சில வேளை வீம்பு என்றே கடிந்துகொள்வர்.

இத்துணை நுட்பமாகத் தொடங்கிய படம் பிற்பகுதியில் தடம் மாறுகிறது. தாம் மறக்கிறோம் என்பதை ஒருவர் இன்னும் மறவாத காலம் ஒன்றுண்டு. அப்போது அவர் அஞ்சுகிறார், மறைக்கிறார், சீட்டில் குறித்து வைக்கிறார். வங்கிக் கணக்கை யார் பார்ப்பது, நாளை தம்மை யார் குளிப்பாட்டுவது என்று தம் விருப்பத்தைச் சொல்லவும் வல்லவராயிருக்கிறார். கேட்பவர்தாம் வேண்டும். அக்காலத்தைப் படம் விரைந்து கடந்துவிடுகிறது. இறுதியில் மகனின் தேர்வு வெற்றியையும் தந்தையின் மறைவையும் அருகருகே வைத்து முடிக்கிறது. காளிதாசனின் மோதிரம் வேறு வடிவில் திரும்பி வந்துவிட்டது எனலாம்.

மணிரத்னத்தின் ‘ஓ காதல் கண்மணி’ (2015) இதனினும் எளிய வழியை நாடிற்று. பவானி அம்மையின் மறதியும் கணபதியின் பொறுமையும் இளங்காதலர்க்குப் பாடமாகின்றன. அப்பொறுமை நள்ளிரவிலும் நிற்குமா என்று அப்படம் வினவவில்லை.

‘தன்மாத்ர’வில் பாரதியின் கண்ணம்மாப் பாட்டு ஒன்று தமிழாகவே ஒலிக்கிறது. மலையாள இல்லத்துக் கதையில் அத்தமிழ் ஓர் அழகு. நம்மவர் இல்லங்களிலோ அது அழகு மட்டுமன்று. 1956 நவம்பர் முதல் நாளில் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்தோர் இங்குப் பலர். மறதிநோயில் பின்னர்க் கற்ற மொழி முந்தி நழுவுவதும், தாய்மொழி நெடுநாள் தங்குவதும் பலரிடம் காணப்படுவன. அங்ஙனம் மலையாளம் நழுவிய பாட்டி ஒரு பிற்பகலில் தமிழில் தண்ணீர் கேட்கிறாள். மலையாளம் மட்டுமே அறிந்த பேத்தி அவள் முகத்தைப் பார்த்து நிற்கிறாள். அந்த வீட்டைப் பிளெஸ்ஸி காட்டவில்லை. அது அவர் கதையன்று. நம் பக்கத்துக் கதை.